தர்மாஸ்பத்திரியின் நிரந்தர நோயாளி

மின்னஞ்சல் கம்பெனியில் புகார் கேட்கும் மேசை அவளுடையது. வந்த புகார் எதையும் தட்டிக்கழிக்க மாட்டாள் என்பதால் ஆபீசில் அவளுக்குத் தர்மாஸ்பத்திரி என்று பெயர். அந்த ஆஸ்பத்திரியின் நிரந்தர நோயாளி ஒரு மருந்துக்கடைக்காரர். போலி மருந்துகளைப் பற்றி இணையத்தில் எழுதிவந்த மனுஷர். அரசாங்கம் அவர் பக்கத்தை முடக்கியதும், எழுதியதை மின்னஞ்சலில் ஊருக்கெல்லாம் அனுப்ப ஆரம்பித்தார். எந்த மாத்திரை எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்; சொந்தப் பாஸ்வேர்ட் மட்டும் மண்டையில் நிற்காது.

“தங்கச்சி, மறுபடி மறந்துட்டேன்.”

“தலையைக் கழட்டி வெச்சாலும் மறந்துடுவீங்கண்ணே” என்று திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுப்பாள்.

ஒருநாள், செத்துப்போன மகனின் படங்கள் திறக்கவில்லை என்று ஒரு தாயின் புகார் வந்தது. தெரியாதவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறக்காதே என்று கம்பெனி தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தது. இவளுக்கு மனசு கேட்கவில்லை, திறந்தாள். படமும் இல்லை, தாயும் இல்லை. இவள் இளகிய மனசை நோட்டம் விட்டு விரித்த வலை அது. அந்த வழியே கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர்கள் பணங்காசைத் தொடவில்லை. அரசாங்கத்தைக் குறை சொன்னவர்களின் கடிதங்களை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். யார் ஏவிய ஆட்கள் என்று பச்சைப்பிள்ளைக்கும் புரியும்.

மேனேஜர் அவள் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு போனை மட்டும் விட்டுவைத்தார். “நாம அறிவிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றார். அறிவிப்பு வருவதற்குள் மருந்துக்கடை அண்ணன் வீட்டுக்கு அரசாங்கத்து ஆள் வந்துவிடும். மேனேஜர் தலை மறைந்ததும் போனை எடுத்தாள்.

“அண்ணே, பாஸ்வேர்ட்…”

“இந்தத் தடவை ஞாபகம் இருக்கு தங்கச்சி.”

“நீங்க மறக்கலண்ணே. நான்தான் திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டேன். உங்க மெயில் எல்லாத்தையும் படிச்சுட்டாங்க.”

“எனக்கென்ன, ஒண்டிக்கட்டை. போலிச் சரக்கு எங்கேருந்து வருதுன்னு எனக்கு எழுதினது ஒரு நர்ஸ் பொண்ணு. அது பேரும் அதுல இருக்கே” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பட்டப்பகலில் கடை ஷட்டர் இறங்கும் சத்தம் போனில் கேட்டது.

அதோடு சரி. அவர் போன் அணைந்தே கிடந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இளகின மனசாம், பெரிய இளகின மனசு என்று தன்னையே கரித்துக்கொட்டினாள். மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். எல்லாம் யாரோ எவரோ.

கடைசியில் வெளிநாட்டு நம்பர் ஒன்றிலிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.”

“உங்களுக்கு மட்டுமாண்ணே, அந்த நர்ஸ் பொண்ணுக்குமா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”