ஏழாவது நட்சத்திரத்துக்கு இரண்டாவது சாட்சி

பின்னேர அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஆதம்லெவ்வையின் மரணத்தை அறிவித்தது. நான் கல்முனையில் என் பட்டறையில் ஒரு வள்ளத்து இயந்திரத்தைக் கழற்றிப் போட்டிருந்தேன். விவாகப் பதிவாளர் ஆதம்லெவ்வை. நல்லடக்கம் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு. இரண்டாம் முறை பெயரைச் சொன்னபோதும் நான் கையைத் துடைக்கவில்லை. நான்கு மாதமாக நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. காரணம் ஒரு நட்சத்திரம்.

அவரிடம் நிக்காஹ் எழுதியவர்கள் பலருக்கு அவருடைய மற்ற வேலை தெரியாது. பத்து வருடத்துக்கு மேலாக என் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து, பூமிக்குக் கிட்டவுள்ள நட்சத்திரங்களைப் பார்த்து வந்தோம். உயிர் வாழக்கூடிய கோள்களைத் தேடுபவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தேடுவதற்கு முன், ஒரு நட்சத்திரம் தனித்ததா, அதன் ஒளிக்குள் மங்கலான துணை நட்சத்திரம் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று அறிய வேண்டும். துணையை அறியாமல் விட்டால் கோளின் அளவே பிழையாக வரும். அவர்களுக்குப் பட்டியல் அனுப்புவது எங்கள் வேலை.

தொலைநோக்கியின் கண்ணாடியைத் தேய்த்து உருவாக்கியவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், புத்தகத்தைப் பார்த்துத் தேய்த்தேன். ஒரு கூட்டத்தில், கொழும்பிலிருந்து வந்த படித்த மனிதர் அவரை ஆய்வாளர் என்றும் என்னை உதவியாளர் என்றும் அறிமுகம் செய்தார். ஆதம்லெவ்வை எழும்பி, "உதவியாள் நான்தான் சேர். கண்ணாடி காக்காட" என்றார். வயதில் மூத்த என்னை அவர் 'காக்கா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். சபை சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

ஒருமுறை ஆதம்லெவ்வையின் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு நிறம்கூடப் பூசியாயிற்று. இவர், மாப்பிள்ளை வேலை செய்த தூரத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் தேத்தண்ணிக் கடையில் இருந்து விசாரித்தார். ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் கழித்து, யாரும் கேட்காமலே மறுபடி போனார். அங்கே மாப்பிள்ளைக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

"முதல் போகக்குள்ள அவள் புள்ளப்பெற தாய்ட ஊருக்குப் போயிருந்தாளாம் காக்கா. ஒருக்காப் பார்த்தா அது ஒரு சாட்சிதான். ரெண்டு சாட்சி இல்லாம நான் எழுதமாட்டன்."

எங்கள் கடைசிப் பட்டியலில் பதினொரு நட்சத்திரங்கள். மாரி மேகங்களுக்கு நடுவே கிடைத்த ஒரேயொரு தெளிவான இரவில் ஏழாவதைப் படமெடுத்தேன். ஒரே புள்ளி. 'தனியன்' என்று எழுதினேன். அவர் ஒப்பமிடவில்லை.

"துணை இப்ப அதுக்கு நேர பின்னால நிண்டா எப்பிடித் தெரியும்? சுத்தி வெளிய வரட்டும். மூணு வருசம் பொறுப்பம் காக்கா."

"எனக்கு எழுபத்திரெண்டு. மூணு வருசத்துக்கு நான் இரிப்பனா?"

"நான் இரிக்கன்தானே. நான் பார்த்து, உங்கட பேரையும் போட்டு எழுதுறன்."

"என்னை மவுத்தாக்கிப் போட்டு எழுதப் போறியா? நீ நிக்காஹ் எழுதுற ஆள். போய் மாப்பிள்ளையப் பாரு!"

"மாப்பிள்ளையத்தானே பார்க்கன்" என்று சிரித்தார்.

பட்டியலை என் பெயரில் மட்டும் அனுப்பினேன். பிறகு இரண்டு தடவை அவர் பட்டறைக்கு வந்தார். இரண்டு தடவையும் நான் ஓர் இயந்திரத்தை முடுக்கிவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாரும் கதைக்க முடியாது. சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். ஏழாவது தனியனாகவே இருக்கலாம். ஆனால் என்னிடம் இருப்பது ஒரு சாட்சி. அதை நம்பி யாரோ வருடக்கணக்கில் அங்கே கோள் தேடப் போகிறார்கள். மறுநாள் அவர்களுக்கு எழுதினேன்: ஏழாவதை நிறுத்தி வையுங்கள், நான் அவசரப்பட்டுவிட்டேன். அந்தக் கடைசிச் சொல்லை எழுத எனக்கு நண்பகல் லுஹர் தொழுகை வரை சென்றது. பட்டறை வாசலில் நின்றவரிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய பதிவேடுகளையும் கையெழுத்தையும் நினைப்பீர்கள். என்னிடம் தங்கியிருப்பது அவர் பொறுக்கச் சொன்ன மூன்று வருடம். மருந்துக் குளிசைகளை மறந்து திரிந்தவன் இப்போது வேளைக்கு விழுங்குகிறேன். அல்லாஹ் நாடினால், எழுபத்தைந்து வயதில் மாடிப்படி ஏறி ஏழாவதை மறுபடி பார்ப்பேன். படத்தில் ஒரு புள்ளி வந்தாலும் இரண்டு வந்தாலும், அவருடைய பெயரையும் போட்டுத்தான் எழுதுவேன்.