அன்புக்கரசிக்கு ஒரு பேனர்

நெய்வேலியில் ஒரு பெண்மணி தன் எலிக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்து ஊருக்கே சோறு போட்டார் என்ற சேதி முதலில் வள்ளலாரின் வடலூரில்தான் என் காதில் விழுந்தது. டீக்கடையில் அதைச் சொன்னவர், சாப்பாடு சுத்த சைவம் என்பதை மட்டும் மூன்று முறை அழுத்திச் சொன்னார். பண்ருட்டிக்குப் போனால், அதே காரியத்தில் இலைக்கு ஒரு கைப்பிடி முந்திரி வைத்தார்களாம். முழு முந்திரி, உடைத்தது இல்லை. சர்க்கரை ஆலை இருக்கும் நெல்லிக்குப்பத்தில் எலி செத்த காரணமே தெரிந்திருந்தது: சர்க்கரை வியாதி. வதந்தி அந்தந்த ஊர் விளைச்சலைத் தின்றுதான் கொழுக்கிறது என்று எழுதிவிட்டு நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் மூன்று ஊரும் எலியின் பெயரை மட்டும் மாற்றாமல் சொன்னது. அன்புக்கரசி. ஒரு எலிக்கு இவ்வளவு பொறுப்பான பெயரை வைத்தவர் யார் என்று பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

பிளாக் எண்ணைச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே அந்தத் தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அவர் பெயர் மலர்கொடி, வயது ஐம்பத்து நான்கு. கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தவர்; ஒரு தீபாவளி லீவில் மாரடைப்பு வந்து போய்விட்டார். கருணை அடிப்படையில் மலர்கொடிக்கு ஓர் அலுவலகத்தின் ரிக்கார்டு ரூமில் உதவியாளர் வேலை கிடைத்தது. எந்த அலுவலகம் என்பதையும் விட்டுவிடுவோம். அங்கே பழைய கோப்புகளை எலி தின்றுவிடாமல் காப்பதுதான் அவர் பணி. மாலையில் பொறி வைக்க வேண்டும். காலையில் பார்க்க வேண்டும். பிறகு அதற்கென்று இருக்கும் பதிவேட்டில் தேதி போட்டு, பிடிபட்டவை இத்தனை, இறந்தவை இத்தனை என்று எழுத வேண்டும். பதினான்கு வருடமாக எழுதுகிறார். அந்தக் கோப்புகளை இத்தனை காலத்தில் எந்த மனிதரும் கேட்டு வந்ததில்லை. அவற்றை ஆர்வமாகப் புரட்டியது எலிகள் மட்டும்தான் என்பதால், நூலகத்தில் வாசகரைப் பிடிக்கும் வேலை என்றும் இதைச் சொல்லலாம்.

எலி அவருக்குப் புதிதல்ல. அப்பா கூலிக்கு நெல் அறுத்தவர். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையை வெட்டி, அது சேர்த்து வைத்த கதிரை எடுத்து வந்தால் வீட்டில் இரண்டு நாள் உலை கொதிக்கும். அதைப் பற்றிக் கேட்டபோது மலர்கொடி பெருமூச்செல்லாம் விடவில்லை. “நெல்லையும் தின்னோம், எலியையும் தின்னோம். அதுங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல” என்றார். ஜாதகம் இப்படி இருக்கையில்தான் மகன் மதிவாணன், மருந்தியல் படிப்பு முடிந்து வரும்போது, கல்லூரி ஆய்வகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய மூன்று வெள்ளை எலிகளை ஒரு கூண்டில் தூக்கிக்கொண்டு வந்தான். ரெண்டே ரெண்டு நாள் வச்சிக்கம்மா என்றான். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். எலிகள் இருந்துகொண்டன.

மூன்றும் பெண். எந்நேரமும் தூங்கி, தட்டுச் சத்தம் கேட்டால் முதல் ஆளாக வந்து நிற்பதற்கு பெர்மனென்ட் என்று பெயர். பஞ்சு, துணி, பேப்பர் என்று நாள் முழுக்கச் சுமந்து அடுக்கி, மற்ற இரண்டும் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்பதற்கு கான்ட்ராக்ட் என்று பெயர். இந்த இரண்டு பெயருக்கும் நெய்வேலியில் விளக்கம் தேவையில்லை. மூன்றாவதற்கு மட்டும் மலர்கொடியால் கேலியாகப் பெயர் வைக்க முடியவில்லை; அதுதான் அன்புக்கரசி. அது வந்த முதல் நாளே அவர் தோளில் ஏறி, கொண்டைக்குக் கீழே பிடரியில் சுருண்டு படுத்துவிட்டது. சந்தோஷம் வந்தால் பல்லை நறநறவென்று அரைக்கும். அப்போது இரண்டு கண்ணும் உள்ளே போய் வெளியே வரும். டி.வி. பார்க்கும்போது பிடரியில் அந்த நறநற கேட்டுக்கொண்டே இருக்குமாம். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல என்று சொல்ல வந்தவர், போல என்ற சொல்லை விட்டுவிட்டார்.

வெள்ளை எலிக்கு ஆயுசு இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். இதை மகன் சொல்லவில்லை.

பெர்மனென்ட் முதலில் போனது, வயிற்றில் கட்டி. பின்கட்டு முருங்கையடியில் புதைத்துவிட்டு மலர்கொடி அலுவலகம் போனார். அரைநாள் லீவு எழுதலாம் என்று படிவத்தை எடுத்தால், இறந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. படிவத்தை மடித்து வைத்துவிட்டார். ஆனால் ஒரு உயிர் போனதை எங்கேயாவது எழுதாமல் அவருக்கு ஆறவில்லை. எலியின் சாவை எழுத அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அன்று பொறியில் எதுவும் விழவில்லை. இருந்தும் பதிவேட்டைத் திறந்து, இறந்தவை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினார். மறுநாள் மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்து, பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அவரு நல்ல மனுஷர்தாங்க, பாராட்டித்தான் எழுதினாரு” என்றார் மலர்கொடி. “அந்த நன்று மட்டும் தொண்டையிலயே நின்னுச்சு.”

ஏழு மாதம் கழித்து கான்ட்ராக்ட் போனபோது எங்கேயும் எழுதவில்லை. ஒருநாள் காலை அன்புக்கரசி பிடரியில் படுத்தபடியே குளிர்ந்துபோனபோது, இதற்கும் ஒரு ‘நன்று’ கிடைக்கக் கூடாது, சாவு என்று ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார். நம் பக்கத்தில் ஒருவர் இறந்ததற்கு டாக்டர் சர்டிபிகேட்டைவிடப் பெரிய சாட்சி பேனர். பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போனார்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போட்டோ கேட்டார். மலர்கொடியின் செல்போனில் இருந்த ஒரே படத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகளும் நிறைய வெள்ளையும்தான் தெரிந்தன. ஃப்ளாஷ் அடிச்சிடுச்சு என்று சொல்லி அவர் குத்துவிளக்குப் படம் போட்டுவிட்டார். பெயருக்கு முன்னால் ‘செல்வி’ அவராகச் சேர்த்தது. மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு. தோற்றத்துக்கு அது வீட்டுக்கு வந்த தேதியைக் கொடுத்தார் மலர்கொடி. இரண்டு தேதிக்கும் நடுவே இரண்டு வருடம் நாலு மாதம். யார், என்ன என்று கடைக்காரர் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் கேட்பது மரியாதையில்லை.

சாயங்காலம் தன் குவார்ட்டர்ஸ் கேட்டில்தான் கட்டினார். விடிந்ததும் வாக்கிங் போனவர்கள் பார்த்தார்கள். இரண்டு வயசுக் குழந்தை. ஏழு மணிக்குள் வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நெடுமாறன் ரோஜா மாலையோடும், இரங்கல் உரை எழுதிய தாளோடும் வந்துவிட்டார். உள்ளே கூடத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு செருப்பு டப்பா, முன்னால் ஊதுவத்தி. நெடுமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“பேத்திங்களாம்மா?”

“இல்லிங்க. எலிங்க.”

“செல்லமா அப்படிக் கூப்பிடுவீங்களா?”

மலர்கொடி டப்பா மூடியைத் திறந்தார்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் செருப்புகள் குறைந்த வேகத்தைச் சொல்லி வருத்தத்தைப் பெருக்க வேண்டாம். சிலர் சிரித்தார்கள். ஒருவர் போலீஸில் சொல்ல வேண்டும் என்றார். எந்தச் சட்டம் என்று அவருக்கே தெரியவில்லை. நெடுமாறனுக்குத்தான் பெரிய சங்கடம், கையில் மாலை இருந்தது. சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. எலிக்குப் போட்டால் மாலை எலியைவிட இருபது மடங்கு. பிறகு இது சாவே இல்லை, ஆகவே இது சாவு மாலையும் இல்லை என்று அறிவித்து, நேரே போய் பிளாக் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டார். பிள்ளையார் காலடியில் இருப்பது யார் என்று பக்கத்திலிருந்தவர் கேட்டதற்கு, மாலையின் முடிச்சைச் சரிசெய்தார்.

கடைசியாகப் போனவர் எதிர்வீட்டுச் சாமியம்மாள். மலர்கொடியைவிட நாலைந்து வயது மூத்தவர். போகிற போக்கில் வாசலில் நின்று, “நான் நாலு மணிக்கு வாசத் தெளிக்க வந்து பேனரப் பாத்துட்டு அழுதுகினே சோறு வடிச்சேன்டி. எலிக்காடி அழுதேன்?” என்று கேட்டுவிட்டுப் போனார். மலர்கொடி டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாகப் பின்கட்டுக்குப் போய், மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் குழி வெட்டி மூடினார். பேனரை அவிழ்த்துச் சுருட்டினார். அழவில்லை. முப்பது பேர் வந்து, சாவு இல்லை என்று முப்பது பேரும் சொல்லிவிட்டுப் போன வீட்டில் எதற்கு அழுவது?

பத்து மணி இருக்கும். சாமியம்மாள் திரும்பி வந்தார். கையில் நாலு அடுக்கு கேரியர்; கணவர் தனகோட்டி சுரங்கத்துக்கு ஷிப்டுக்கு எடுத்துப் போவது. முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

“வடிச்சது வடிச்சாச்சு. துக்க வூட்டுக்குன்னு ஆக்கின சோத்த எங்க வூட்ல வச்சுத் தின்னக் கூடாது. நீயே தின்னு.”

மலர்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப இது துக்க வூடுதானக்கா?”

சாமியம்மாள் அடுக்களைக்குள் போனார். தட்டைத் தேடி எடுத்தார். சோற்றைப் போட்டு நடுவில் குழி பறித்தார். “கொழம்பு ஆறிடும், உக்காரு” என்றார். அதற்கப்புறம்தான் மலர்கொடி அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார். சாமியம்மாள் மோர் ஊற்றும் வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார்.

ஆக, பதினாறாம் நாளும் இல்லை, முந்திரியும் இல்லை. ஊருக்கு அவர் சோறு போடவும் இல்லை. எதிர்வீட்டிலிருந்து அவருக்குச் சோறு வந்தது.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. கேரியர் இன்னும் மலர்கொடி வீட்டு அலமாரியில் இருக்கிறது, கழுவித் துடைத்துக் கவிழ்த்தபடி. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். துக்கத்துக்கு வந்த பாத்திரம் என்றால் எதுவும் போடாமல் வெறுமனேதான் தர வேண்டும். சர்க்கரை போட்டால், அன்று நடந்தது சாவு இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்கிறார் மலர்கொடி. வெறுமனே கொடுத்தால், எலிச் சாவுக்குச் சோறு போட்டவள் என்ற பேரை நாமே அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததாகிவிடாதா என்றும் கேட்கிறார். இரண்டு முறை கையில் எடுத்து, கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

சாமியம்மாளைப் போய்க் கேட்டேன். கேரியர் என்ற பேச்சே தனக்குத் தெரியாததுபோல முறத்தில் உளுந்தைப் புடைத்தார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, “எப்ப தராளோ தரட்டும். எப்படித் தரான்னு நானும் பாக்கணும்ல?” என்றார்.

மணி ஒன்றரை. தனகோட்டி செகண்ட் ஷிப்டுக்கு வண்டியை எடுத்தார். சோறு வாழையிலைப் பொட்டலமாக ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பையில் தொங்கியது. பையின் அடிப்பகுதியில் ரசம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.