மூடிய தளத்தின் வருகைப் பதிவேடு

எங்கள் தீவில் ஒரு ராணுவ விமானத் தளம் இருந்தது. இருந்தது என்று சொல்வது நான். ஒரு அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பார்கள். இன்னொன்றில் கேட்டால் இருந்தது, ஆனால் ரகசியம் என்பார்கள். தீவின் பெயரை நான் எழுதாததற்கும் அதுதான் காரணம். நாளைக்குத் தீவே இல்லை என்றுவிட்டால் எங்கள் ரேஷன் கார்டெல்லாம் என்ன ஆவது?

தளத்தின் வரலாறு சின்னது. யுத்தகாலத்தில் வந்த அந்நியப் படை, தீவுக்காரர்களை அடித்து வேலை வாங்கி மேட்டு நிலத்தில் ஓடுதளம் போட்டது. போட்டு முடிக்கவும் யுத்தம் முடியவும் சரியாக இருந்தது. பிறகு நம் படை வந்து ஓடுதளத்தை நீட்டியது, விமானம் நிறுத்தப் பெரிய தகரக் கொட்டகை கட்டியது, கொடிக்கம்பம் நட்டது, இரும்பு கேட் போட்டது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் வேலி போட மெயின்லேண்டிலிருந்து கம்பி வர வேண்டியிருந்தது. கம்பி வருவதற்குள் வேறொரு தீவில் பெரிய தளம் வந்துவிட்டதால் இதை மூடிவிட்டார்கள். எல்லோரும் கப்பலேறிப் போனார்கள், ஒரு காவல்காரரைத் தவிர. அவருக்கும் மாற்றல் உத்தரவு வந்ததாம். தளம் மூடியிருந்ததால் அதை வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போய்விட்டதாம்.

அவர் வடநாட்டுக்காரர், இந்தி தவிர வேறு பேச மாட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு விசில் ஊதுவார், கொடி ஏற்றுவார், கேட்டைத் திறந்து மறுபடி பூட்டுவார். வேலி இல்லாத பக்கமாக மாடுகள் போய் வந்துகொண்டிருக்கும்.

நாங்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கூட்டம். இந்தியாவுக்கு வந்ததும் எங்களை இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். எங்கள் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், கடலோரத்தில் இருந்தன. சுனாமி அன்று அவை போயின. போன உயிர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்; கிண்டல் பேசும் இடத்தில் அவர்களை இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மிஞ்சியவர்கள் மேட்டுக்கு ஏறித் தளத்தின் கேட்டுக்கு முன்னால் நின்றோம். பக்கவாட்டில் நுழைந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் பூட்டிய கேட்டைக் கண்டால் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.

"பாஸ் திகாவோ," என்று அனுமதிச் சீட்டைக் கேட்டார் காவல்காரர், அரைத் துணியோடு நின்றவர்களிடம். பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்தவர், அழுதுகொண்டே பூட்டைத் திறந்தார். விமானக் கொட்டகையில் சேலைகளைக் கட்டித் தடுத்துக் குடியேறினோம்.

மூன்றாம் நாள் காலை விசில் ஊதியது. அப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டு கொடிக்கம்பத்தின் முன்னால் போய் நின்றார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். காவல்காரர் பயந்துபோனார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

"க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பெரட்டுக்கு வந்திருக்கோம் தொரை," என்றார் அப்பா.

தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போவது. விசில் கேட்டால் நிற்கப் பழகிய கால்கள். அதை நான் பள்ளியில் படித்த இந்தியில் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஸ்டோர் அறையிலிருந்து எழுதாத வருகைப் பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தளத்தின் முத்திரை இருந்தது. "நாம் போலோ," என்று பெயரைச் சொல்லச் சொன்னார். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக 'பி' என்று ஆங்கில எழுத்துப் போட்டார், 'பிரசென்ட்' என்பதற்கு.

அன்றிலிருந்து தினமும் அதுதான். பெயர் கூப்பிட்டபின் வேலை பிரித்துக் கொடுப்பார். ஓடுதளத்தில் புல் வெட்டினார்கள், ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். விமானம் வந்த காலத்தில்கூட அந்தத் தளம் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

"கப்பலே ஒழுங்கா வரமாட்டேங்குது, இவரு பிளேனுக்குப் புல்லு வெட்டுறாரு," என்பாள் அம்மா. ஆனால் எல்லாம் போன பிறகு காலையில் ஒருவர் நம் பெயரைக் கூப்பிடுவது பெரிய விஷயம். அப்பாவின் முதுகு அந்த ஒரு நிமிஷம் நேராக இருக்கும். அதைப் பார்க்கவே நானும் எழுந்துவிடுவேன்.

பெரட்டுக்குப் போகாத ஒரே ஆண் என் சித்தப்பா. "பிளேனு வந்தா எழுப்புண்ணே," என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனபின், நிரந்தர வீடு தரப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். கீழே மட்டும் ஒரு வரி: ஆதாரம் ஏதாவது இருந்தால் இணைக்கவும். அந்த வரிதான் எங்களைக் கெடுத்தது. ஒரு நாடு காகிதம் இல்லை என்று அனுப்பியது, இன்னொரு நாடு காகிதத்தைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டது. எங்கள் ஜனத்துக்குக் காகிதம் என்றால் சாமி. பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த அந்தச் சாமியையும் கடல் கொண்டுபோயிருந்தது.

எனக்குப் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. முத்திரை உள்ள புத்தகம் ஒன்று நம்மிடம் இருக்கிறதே! காவல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போர்ட் பிளேயருக்குக் கப்பலேறினேன். அபர்டீன் பஜாரில் பழுப்புக் காகிதம் வாங்கி அட்டையும் போட்டேன். என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற நினைப்பு.

வீடு ஒதுக்கும் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் மலர மலர என் முகமும் மலர்ந்தது.

"யே தோ ஸ்டாஃப் ஹை," என்றார். இவர்கள் தளத்து ஊழியர்களாயிற்றே என்று அர்த்தம்.

ஸ்டாஃப் இல்லை சாப், சும்மா வரிசையில் நிற்பவர்கள் என்றேன். சும்மா நிற்பவனுக்கு யார் தினமும் 'பி' போடுவார்கள் என்று கேட்டார். சம்பளம் வாங்கியதே இல்லையே என்றேன். அது வேறு செக்‌ஷன் என்றார். தளத்து ஊழியர்களுக்கு வீடு தர வேண்டியது தளத்தின் பொறுப்பு என்று எழுதி, பதிவேட்டில் இருந்த அத்தனை பெயரையும் பட்டியலிலிருந்து அடித்தார். தளத்தின் மேலிடத்துக்குப் போனேன். தளமே மூடியாகிவிட்டதே என்றார்கள். ஆனால் மூடிய தளத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்ததும் பதறிப்போனார்கள்.

அத்தனை வருஷம் அசையாத ஃபைல் ஒரே மாதத்தில் ஓடியது. ஒரு அதிகாரி கப்பலில் வந்து இறங்கினார். பதிவேட்டை முடிக்காமல் தளத்தை முறைப்படி மூட முடியாதாம்; ஆட்களை விடுவிக்காமல் பதிவேட்டை முடிக்க முடியாதாம். காவல்காரர் கடைசியாக ஒருமுறை பெயர் கூப்பிட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கொட்டகையைக் காலி செய்யச் சொன்னார்கள். காவல்காரரும் அதே கப்பலில் போனார். கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனார்.

பதிவேட்டில் பெயர் இல்லாத சித்தப்பாவுக்கு வீடு கிடைத்தது. விண்ணப்பத்தோடு அவர் எதையும் இணைக்கவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்து நாங்கள் குடியிருந்தோம்.

அங்கே வைத்துத்தான் அப்பா அந்தத் தாளைப் படித்துக் காட்டச் சொன்னார். இன்னார் இன்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார், அவருடைய சேவை திருப்திகரமாக இருந்தது. அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். மூன்று தோட்டங்களில் நாற்பது வருஷம் மாடாக உழைத்தவர் அவர். வீடு போனது என்னால்தான் என்று அன்றைக்காவது சொல்லிவிட நினைத்தேன்.

"அப்பா, அந்தப் பொஸ்தகத்த நான் கொண்டு போயிருக்கக் கூடாது."

அப்பா தாளை நாலாக மடித்து புது பிஸ்கட் டப்பாவில் வைத்து அழுத்தி மூடினார்.

"கிறுக்கா ஒனக்கு? நீ கொண்டு போகலன்னா இந்தக் காயிதம் எனக்குக் கெடச்சிருக்குமா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா டப்பாவை ஒழுகாத மூலைக்கு நகர்த்தி வைத்துவிட்டு, தான் ஒழுகுகிற பக்கம் படுத்துக்கொண்டார்.