ஐயக்கடன் ஏற்பாடு

மூன்று கிழமையாக அந்தக் கொப்பி என் மேசையில் கிடந்தது. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. மண்ணிறத் தாளில் ஓர் உறை, அதற்கு மேல் பொலித்தீன் உறை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் அடிமட்டம் வைத்துக் கீறிய சிவப்புக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் கணக்கியலின் தமிழ்ச் சொற்கள்: ஐந்தொகை, பெறுமானத்தேய்வு, நன்மதிப்பு. வலப்பக்கம் அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள், சில பென்சிலில், சில நீலப் பேனையில். கணக்கியலைத் தமிழில் படித்து முடித்த ஒருவர், அதையே ஆங்கிலத்தில் இன்னொரு தடவை படிக்க வேண்டி வந்தபோது தனக்கென்று எழுதத் தொடங்கிய அகராதி அது. பிழை இருந்தால் திருத்தித் தரும்படி என்னிடம் தந்திருந்தார். ஒரு மணித்தியால வேலை. முதல் நாளே பதினோராம் பக்கத்தோடு மூடி வைத்தேன், பிறகு தொடவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் வவுனியாவில் சனி ஞாயிறுகளில் நடந்த கணக்கியல் முதுமாணிப் பட்ட வகுப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தோம். நான் நெளுக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய்விடுவேன். அவர் நெடுங்கேணிக்கு அப்பாலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். நெடுங்கேணியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர். வேலை செய்துகொண்டே வெளிவாரியாகத் தமிழில் பட்டம் முடித்தவர். நாற்பதைத் தாண்டியவர் என்பதால் வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'சங்கத்து அண்ணை'. என் முதற் பட்டமும் தமிழில்தான், அதுவும் பொருளியலில். ஆனால் நான் ஐந்து வருடம் ஓர் உதவி நிறுவனத்தில் வெளிநாட்டவர்களோடு வாகனத்தில் திரிந்தவள். மடமடவென்று ஆங்கிலம் கதைப்பேன். அந்தக் கதையில் கணக்கியல் சொற்கள் பத்துக்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். நான் நன்றாகவே ஆடினேன்.

அவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்ததற்கு அந்த ஆங்கிலம்தான் காரணம். எண்களைப் பார்த்தால் அவருக்குக் கேள்வியே விளங்கிவிடும். விரிவுரையாளர் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடை அவரிடம் இருக்கும். சொற்கள்தான் முட்டும். இடைவேளையில் கொப்பியை விரித்துக்கொண்டு, "தங்கச்சி, இதுக்கு இங்கிலீசுல என்னாங்க?" என்பார். அவருக்கு ஒரு விதி இருந்தது. காதால் கேட்ட சொல்லைப் பென்சிலால் எழுதுவார். பிறகு அதைப் புத்தகத்தில் கண்ணால் கண்ட பின்தான் பென்சிலுக்கு மேல் பேனையால் எழுதுவார். "சங்கத்துலயும் அப்பிடித்தான். ரசீதைக் காணாம பேனையைத் தொடமாட்டேன்" என்று சிரிப்பார்.

எங்களைப் போல 'ஓம்' என்றுதான் அவர் கதைப்பார். கணக்கு ஒன்று பிடிபட்ட சந்தோஷத்தில் மட்டும் தன்னை மறந்து "ஆமா, ஆமா!" என்றுவிடுவார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து இனக்கலவரத்துக்கு அஞ்சி வன்னிக்கு ஓடிவந்தவர்கள் என்பது அந்த 'ஆமா'வில் தெரியும். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். யோசித்துப் பார்த்தால் இரண்டு குடும்பமும் வந்து குடியேறியதுதான். ஆனால் எங்கள் வயலில் களை பிடுங்க வந்த மலையகத்து ஆட்களை அம்மா ஒரு நாளும் 'அவர்கள்' என்று சொன்னதில்லை. "அதுகள் வந்திட்டுதுகளோ? அதுகளுக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்றுதான் கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார், ஆனாலும் அதுகள்தான். படித்தவள் என்பதால் அந்தச் சொல் என் வாயில் வராது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

முதல் தவணையில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து வகுப்பின் முன் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும் என்றார்கள். "என்னையும் உங்க குறூப்புல சேத்துக்குவீங்களா, தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார். "அதுக்கென்ன அண்ணை" என்றேன். மூன்றாவது ஆள் ஒரு வங்கி அதிகாரி, சேட்டின் மடிப்புக் கலையாத மனுசன். முதல் நாள் கன்ரீனில் கூடியபோது அண்ணை தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். வங்கி அதிகாரி குரலைத் தாழ்த்தி, "இவரை ஆர் எங்கட குறூப்பில போட்டது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "நான் போடேல்லை. அது தானா வந்து சேர்ந்தது" என்றேன். இரண்டு பொய் அதில். நான்தான் சேர்த்தேன்; அவர் 'அது' இல்லை. திரும்பினால் மூன்று கோப்பையோடு அவர் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "உங்களுக்குச் சீனி குறைச்சுத்தான் போடச் சொன்னேன், தங்கச்சி" என்று என் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். அவர் காதில் அது விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருடைய சங்கத்தின் கணக்குகளையே ஆராய்ச்சிக்கு எடுத்தோம். விவசாயிகளுக்குச் சங்கம் கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வராமல் போகக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதற்குத் தமிழில் 'ஐயக்கடன் ஏற்பாடு' என்று பெயர். வழக்கமாக எல்லாக் கடனுக்கும் ஒரே வீதத்தைப் போட்டுவிடுவார்கள். அண்ணை அப்படிப் போடவில்லை. எந்தக் குளம் வற்றியது, எந்தப் பக்கத்து வயலில் யானை இறங்கியது, எந்த வாய்க்கால் திருத்தப்பட்டது என்று பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி வீதம் கண்டார். வங்கி அதிகாரியே வாய்விட்டுப் பாராட்டினார். எங்கள் ஆய்வில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். "நாலு வசனம்தானே, அத மட்டும் நானே சொல்றேன். வீட்டுல புள்ளகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், அப்பா இங்கிலீசுல பேசப் போறேன்னு" என்று கேட்டுக்கொண்டார். திரையில் அவருடைய பகுதிக்கு வெறும் அட்டவணை மட்டும் போடுவதென்று முடிவாகியது.

விளக்க வேண்டிய நாள் காலை படிக்கட்டில் என்னை மறித்தார். அந்த அத்தியாயத்தை வகுப்பில் இன்னும் தொடவில்லை. "தங்கச்சி, ஏற்பாட்டுக்கு என்னாங்க இங்கிலீசுல?" எனக்குத் தெரியாது. வங்கி அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அண்ணை அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். கைப்பையில் போன் இருந்தது, பார்த்துச் சொல்லியிருக்கலாம். 'தெரியாது அண்ணை' என்று சொல்வதற்கு இரண்டு சொல் போதும். நானோ, கல்யாண ஏற்பாடு, பயண ஏற்பாடு எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்லை எடுத்து, "அரேஞ்ச்மென்ற்" என்றேன். "ஐயத்துக்கு?" "டவுட்." படியில் நின்றபடியே கொப்பியில் எழுதிக்கொண்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

வகுப்பின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர் சொன்ன முதல் வசனமே, "அரேஞ்ச்மென்ற் ஃபோர் டவுட் லோன்." சரியான சொல் 'புரொவிஷன்'. விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்து, "அரேஞ்ச்மென்றா? கல்யாணமோ?" என்றார். வகுப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கவில்லை, பல் தெரியச் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காவிட்டால் ஏன் என்று பார்ப்பார்களே என்ற பயம் எனக்கு. சிரிப்பு அடங்கியதும் விரிவுரையாளர் சரியான சொல்லைச் சொல்லிவிட்டு, உண்மையாகவே அறிய விரும்பியவர் போல, எந்தப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தானுங்க சேர், பிழையா எழுதிட்டேன்" என்றார். மிச்சம் மூன்று வசனத்தையும் தாளைப் பார்த்து வாசித்தார். யானை இறங்கிய வயல்களைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் அறியாமல் விட்ட பிழை என்று மனதைத் தேற்றியிருப்பேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை பின்னேரம் நடந்தது. குழுவில் ஒவ்வொருவரும் மற்ற இருவரின் பங்களிப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் இரகசியமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். "அவர் மானத்தை வாங்கிப்போட்டார். நான் ஒண்டுதான் போடப்போறன்" என்றார் வங்கி அதிகாரி. நான் இரண்டு போட்டேன். பெயருக்கு எதிரே இரண்டு என்று எழுதியபோது என் மனதில் ஓடியது இதுதான்: பிழை முழுவதும் அவருடையது என்று தாளில் பதிந்துவிட்டால், அது என்னுடையது என்று யாரும் தேடமாட்டார்கள். அந்த ஆய்வின் முதுகெலும்பே அவருடைய வேலை என்று தெரிந்துகொண்டுதான் போட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அறிவித்தல் பலகையில் புள்ளிகள் வந்தன. பங்களிப்புக்கு எனக்குப் பத்தொன்பது. வங்கி அதிகாரி எனக்கு ஒன்பது போட்டதாக முன்னரே சொல்லியிருந்தார். அப்படியென்றால் அண்ணை முழுதாகப் பத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு மூன்று. அந்த மூன்றை இரண்டு பேருக்குப் பிரித்துப் பார்க்க அவரைப் போன்ற ஒருவருக்கு ஒரு கணம் போதும். எப்படிப் பிரித்தாலும் என் பங்கு அழகாக வராது. அவர் பலகையில் தன் பெயரிலிருந்து புள்ளிவரை விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "சரி தங்கச்சி, நாலரை பஸ்ஸுக்குப் போகணும்" என்றார். அந்தப் பாடத்தில் சித்தியடைய அவருக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறைந்தது. திரும்ப எழுதலாம். ஆனால் அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. வகுப்பு வட்ஸ்அப்பில், வயல் வேலை கூடிப்போச்சு, எல்லாரும் நல்லாப் படியுங்க என்று எழுதிவிட்டு விலகினார். நான் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினேன். பட்டம் முடித்தேன். இன்று ஓர் அலுவலகத்தில் கணக்காளர். கையொப்பத்துக்குக் கீழே அந்தப் பட்டத்தின் எழுத்துகளும் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று வெளியில் சொன்னால் அடக்கம் என்று நினைப்பார்கள்.

போன மாதம் அலுவலாக நெடுங்கேணிக்குப் போயிருந்தேன். சந்தைக்கு முன்னால், "தங்கச்சி!" என்று ஒரு குரல். தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். "படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்றார். முடித்தேன் என்றதும், "ஆமா, ஆமா! எனக்குத் தெரியும், நீங்க முடிப்பீங்க" என்று, கணக்கு ஒன்று பிடிபட்டது போலச் சந்தோஷப்பட்டார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் பக்கத்திலிருந்த சங்கத்துக்குள் ஓடிப்போய் மேசை லாச்சியிலிருந்து இந்தக் கொப்பியை எடுத்து வந்தார். "நம்ம புள்ள இப்ப கொமர்ஸ் படிக்குது, இங்கிலீசுல. இத ஒருக்காப் பாத்துத் திருத்திக் குடுங்க. நீங்க பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

பதினோராம் பக்கத்தில் இருந்தது அது. 'ஏற்பாடு' என்பதற்கு எதிரே 'அரேஞ்ச்மென்ற்' என்று நீலப் பேனையால் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'தங்கச்சி' என்று போட்டிருந்தார். அடியில் பென்சில் இல்லை. அழித்த தடமும் இல்லை. முதற்பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். நான் சொன்ன சொற்கள் எல்லாம் அப்படித்தான், நேரே பேனையில். ரசீதைக் காணாமல் பேனையைத் தொடாத மனுசன், என் வாயை ரசீதாக எடுத்திருக்கிறார். 'அரேஞ்ச்மென்ற்'றுக்குக் கீழே விரிவுரையாளர் சொன்ன சொல், 'புரொவிஷன்', பென்சிலில். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'தங்கச்சியிடம் கேட்க வேண்டும்.'

போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பேனையை எடுத்தேன். 'அரேஞ்ச்மென்ற்'றை வெட்டினேன். பென்சில் சொல்லுக்கு மேல் பேனையால் எழுதினேன். அடைப்புக்குறிக்குப் பக்கத்தில், 'இது தங்கச்சி விட்ட பிழை' என்றும் எழுதினேன். அந்த இரண்டு புள்ளியை எழுதக் கொப்பியில் இடமில்லை. அதை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறினேன்.

அண்ணை வீட்டில் இல்லை, வயலுக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். மகள் கதிரையை எடுத்து முற்றத்து நிழலில் போட்டாள். "இருங்கோ அன்ரி. அப்பா வர மத்தியானமாகும்." கொப்பியை வாங்கி நின்றபடியே புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஆர் அன்ரி இந்தத் தங்கச்சி?"

"அது நான்தான், பிள்ளை."

சொன்ன பிறகுதான் அந்த 'அது' என் காதில் விழுந்தது. அவள் சிரித்தாள். "சும்மா சொல்லாதேங்கோ. தங்கச்சிக்குத் தெரியாத சொல்லே இல்லையெண்டு அப்பா சொல்றவர்."

"எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாமல்தான் சொன்னனான். அதோட இன்னொண்டும் இருக்கு. அப்பா வரட்டும், இருந்து அவரிட்டச் சொல்லிப்போட்டுப் போறன்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு கொப்பியைப் பார்த்தாள். "கொஞ்சம் இருங்கோ அன்ரி" என்று உள்ளே போய்த் தன்னுடைய கணக்கியல் பாடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். எனக்கு எதிரே வாசற்படியில் இருந்து, இரண்டையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, நான் பேனையால் எழுதியிருந்த சொல் புத்தகத்தில் இருக்கிறதா என்று விரலால் தேடத் தொடங்கினாள்.