பதினெட்டுக் கட்டும் ஆறு உதிரியும்

என் தம்பி மகள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். காலை ஐந்து மணி முதல் பகல் ஒரு மணி வரை. இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளை மடித்து, அளவு வாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பத்துக்கட்டு'. இத்தனை வருடத்தில் அவள் கட்டியது எதிலும் ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் மூன்றாவது மாடியில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறோம். அறுபத்திரண்டு படி. போன வருடம் வரை நாற்பதாவது படியில் ஒரு முறை நிற்பாள். இப்போது இருபதிலும் நிற்கிறாள்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். அப்பாவோடு வேறு ஊரில் இருந்து படிக்கிறாள். வருடக் கடைசி விடுமுறையில் பத்து நாள் அம்மாவிடம் வருவாள் என்பது ஏற்பாடு. போன வருடம் நான்காம் நாளே அப்பாவுக்குத் தானே போன் செய்து, "இங்க ஒண்ணுமே இல்லப்பா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மா அவள் துணியைப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள் ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம், மகள் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அறுபத்திரண்டு படி ஏற்றிக்கொண்டு வந்தாள். மரத்தில் பொம்மை வீடு. நாமே கோத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மாடி, ஒரு படிக்கட்டு, ஏழு ஜன்னல்.

"அவ வர்றதுக்குள்ள கீழ்த்தளமாவது நிக்கணும் பெரியப்பா. வாசல்ல நுழைஞ்சதும் கண்ணுல படணும்."

மெல்லிய மரப்பலகைகளில் துண்டுகள் வெட்டப்பட்டு, ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. முதலில் எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும்படி குறிப்புத்தாள் சொன்னது. வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு, நான்கு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். உப்புத்தாளால் விளிம்பு தேய்த்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணினேன். நூற்று எண்பத்தாறு. கேட்பானேன், நீளம் பார்த்துப் பிரித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுவிட்டாள். பதினெட்டுக் கட்டு, ஆறு உதிரி. நாங்கள் சாப்பிடும் மேஜை பார்க்க அழகாக இருந்தது.

சனிக்கிழமை பசையைத் திறந்தாள். குறிப்புத்தாள்படி பதினேழாம் எண் துண்டை நாற்பத்திரண்டோடு ஒட்ட வேண்டும். ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்பர் எங்க பெரியப்பா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை. "சட்டத்துல போட்டிருப்பான்."

"எந்தச் சட்டம்?"

"துண்டைப் பெயர்த்தப்புறம் மிச்சம் நிக்குமே, அந்தப் பலகை."

"அதுவா? குப்பைன்னு வியாழக்கிழமையே வண்டியில போட்டுட்டேனே." என் பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"எண்ணத்தானே சொன்ன. எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

"ஆமா. எண்ணிக்கையை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்."

சிரித்தாள். அப்புறம் வாளியிலிருந்து காலை எடுக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஆறிப்போயிருக்கும்.

குறிப்புத்தாளில் படம் நகத்தளவு. துண்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். என் இரும்பு அளவுகோலை வாங்கிக்கொண்டு, வேலைவிட்டு வந்து தினமும் தேடினாள். ஒன்பது நாளில் பொருந்தியவை நான்கு. ஒரு நாள் அளவுகோல் மேலேயே தூங்கிப்போய், கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்த முகத்தோடு எழுந்தாள்.

"இந்தத் தடவை வர வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றாள். உடனே அவளே, "அப்படிச் சொன்னா அடுத்த வருஷம் வரேன்னு சொல்லவே மாட்டா" என்றாள்.

மகள் வந்தாள். பொம்மை வீடு வாங்கியதை அம்மா போனில் முன்பே சொல்லியிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "வீடு எங்கம்மா?"

"இதான்."

"இது வீடா, விறகா?"

அம்மா நடந்ததை நடந்தபடி சொன்னாள். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்பர் இருக்கிறதையா தூக்கிப் போட்ட?"

"ஆமா."

"சரி, அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, பதினெட்டுக் கட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து மேஜை நடுவே கொட்டினாள். அம்மாவின் கை தடுக்கப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது.

நான்காம் நாள் மாலை மகள் போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். சட்டை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, படிக்கட்டுக்குப் பதினோரு துண்டு வேணும், ஒன்பதுதான் கிடைச்சிருக்கு. இல்லப்பா, இப்ப பேச முடியாது. வெச்சிடறேன்."

அம்மா சட்டையை மடித்து முடித்தாள். பிறகு அதையே உதறி மறுபடியும் மடித்தாள்.

பத்தாம் நாள்வரை பொருந்தியவை அறுபத்தொன்று. தரை, படிக்கட்டு, பின்சுவரில் பாதி. அந்தப் பத்து நாளும் அம்மா பகலில் வந்து உட்கார்ந்ததும் கண் சொருகிவிடுவாள். மகள் அவள் கை மேலேயே துண்டுகளை வைத்து அளந்துகொண்டிருப்பாள்.

கிளம்புகிற அன்று அம்மா மீதியைத் திரட்டி ரப்பர் வளையத்தை எடுத்தாள்.

"கட்டாதேம்மா! எது எங்க கிடக்குன்னு எனக்குத்தான் தெரியும். நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. தாத்தா, நீங்களும்தான்."

மேஜை மேல் நூற்று இருபத்தைந்து துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கி, கீழே தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறாள். ஒரு மணி நேரம் பிடிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.