ஐந்தாம் மாடியில் பொங்கல்

தவரத்தினம் அண்ணை பிடிவாதக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரை நல்லவர் என்று எழுதும்போது, நான் பூசி மெழுகுவதாக யாரும் நினைக்கக் கூடாது.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் உள்ள மளிகைக் கடையில் பத்தொன்பது வருடங்களாக நானும் அவரும் மரக்கறிப் பெட்டி இறக்குகிறோம். அறுபத்திரண்டு வயதிலும் கையுறை போடமாட்டார். மனைவி ஜெகதீஸ்வரி அக்காவுக்கு மூச்சு இழுப்பு நோய். மகள் மிருணாளினிக்கு நகருக்கு வெளியே திரான்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை. கடைக்கு அடுத்த தெருவில், ஐந்தாம் மாடியில் மூவரும் குடியிருந்தார்கள்.

பொங்கலைக் கரி அடுப்பில்தான் பொங்குவார். மின்னடுப்பில் வைத்தால் அது வெறும் சர்க்கரைச் சோறு என்பது அவருடைய தீர்ப்பு. வருடா வருடம் கட்டடத்தின் உள்முற்றத்தில் அடுப்பை மூட்டுவார். கீழ்வீட்டு ஷார்லோத்துக்கும் ஒரு கிண்ணம் போகும்.

இந்தத் தைக்குக் குளிர் வந்தது. வடதுருவத்தின் மேலே, மிக உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் காற்று திடீரென்று சூடாகிக் குலைந்துவிட்டதாம். அங்கே அடைபட்டுக் கிடந்த குளிர் அப்படியே நம் தலையில் இறங்கிவிட்டதாம். வானொலியில் விளக்கினார்கள். அளந்து எழுதிவைத்த எல்லாக் குளிரையும் இது மிஞ்சிவிட்டது என்றும் சொன்னார்கள்.

"பூமி சூடாகுதெண்டு சொல்லுறாங்கள். பிறகு இதென்ன கூத்து?" என்று கேட்டார் அண்ணை. எனக்கும் விளங்கவில்லை.

லொறியிலிருந்து இறக்கிய வெண்டிக்காய் கடைக்குள் போவதற்குள் கறுத்துப்போனது. மெட்ரோப் பாலத்தடியில் படுத்திருந்த இருவர் காலையில் எழும்பவில்லை. அண்ணையின் கட்டடத்தில் குழாய் உறைந்து வெடித்து, வீடுகளைச் சூடாக்கும் சோபாஜும் நின்றுவிட்டது. அவர் பழைய போர்வையைக் கிழித்து, சமைக்கும் குசினியின் காற்றுத் துவாரத்தை அடைத்தார். யன்னல் இடுக்குகளுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினார்.

"குளிர் வாற வழியெல்லாம் பூட்டியாச்சு," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் கெட்டித்தனம் என்று தலையாட்டினேன்.

பொங்கலன்று உள்முற்றம் முழுவதும் பனிக்கட்டி. கால் வைக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு வருடம் மின்னடுப்பில் வைத்திருப்பார்கள். அவர் கரி அடுப்பைக் குசினிக்குள் கொண்டுபோய் மூட்டினார். பாலும் நன்றாகத்தான் பொங்கியதாம். பொங்கி முடிந்தும் தணலை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனருகே ஒரு கதிரையைப் போட்டு, அக்காவை அதில் இருத்திவிட்டுக் கடைக்கு வந்தார்.

அன்று கடையில் சரியான சனம். எனக்கொரு பெட்டியில் பொங்கல் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டேன், ருசியாக இருந்தது.

"தலை இடிக்குதடாப்பா. வயித்தையும் பிரட்டுது," என்றார்.

"குளிர் அண்ணை. இதைப் போடுங்கோ," என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மதியம் அரைநாள் விடுப்பில் வீட்டுக்குப் போன மிருணாளினிதான் தாயைக் கதிரையில் கண்டாள். கூப்பிட்டும் அசையவில்லை. அவள் அழைத்ததும் அண்ணையோடு நானும் மருத்துவமனைக்கு ஓடினேன். கரிப்புகையில் ஒரு நச்சுக் காற்று இருக்கிறது, அதற்கு நிறமும் மணமும் இல்லை, வெளியேற வழியில்லாத அறையில் ஆளைக் கொன்றுவிடும் என்று மருத்துவர் மெதுவாகச் சொன்னார். அக்கா போய்விட்டார்.

அதன் பிறகு, வீட்டைப் பார்வையிட்ட ஒரு பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். காற்றுத் துவாரத்தை அடைத்தது யார் என்று கேட்டாள்.

மிருணாளினி தகப்பனைப் பார்க்கவில்லை. "அம்மா. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது," என்று பிரெஞ்சில் சொன்னாள்.

செத்தவரிடம் யார் விசாரணை வைக்கப் போகிறார்கள்? அந்த நேரத்தில் எனக்கும் அது சரியாகவே பட்டது. தகப்பனாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அண்ணைக்குப் பிரெஞ்சு பேச வராதே தவிர, கேட்டால் விளங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பழியை அவவிலை போடாதை பிள்ளை," என்றார். "அவ யன்னலைத் திறக்கச் சொன்னவ. ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் விடேல்லை. இதையும் அந்தப் பொலிஸ் மனுசிக்குச் சொல்லு."

மிருணாளினி மாட்டேன் என்று தலையாட்டினாள். பொலிஸ்காரி பேனாவோடு காத்திருந்தாள். கடைசியில் நான்தான் மொழிபெயர்த்தேன்.