எனக்குக் கேட்காத கீச்சொலி

மாசாய் நகரில் எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் மெஷினை ஒட்டி ஒரு மேசை போட்டு, அதில்தான் அந்த கித்தார் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். பழைய ரேடியோக்களில் சிவப்பாகக் கனலும் கண்ணாடி வால்வுகள் இருக்குமே, அவற்றை வைத்துச் செய்வது. கடையில் கிடைத்த ஆம்ப் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாமே மந்தமாகத் தெரிந்தன. வால்வு ஆம்பில் ஒலி தெளிவாக இருக்கும் என்று சொன்னார்கள். அதை நம்பி இறங்கினேன்.

எனக்கு பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களைப் பழுதுபார்ப்பேன். கரண்டோடு பழகிய கைதான். ஆனால் வால்வு ஆம்புக்குள் ஓடுவது ஆளையே அடித்துப் போடும் மின்சாரம்; ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே தங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துத்தான் மேலே போனேன். கரண்டு வரும் வழியில் ஒரு குண்டு பல்பை இணைத்திருந்தேன். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், ஆம்ப் தப்பிக்கும்.

எல்லா வால்வுகளையும் பொருத்தி, ஸ்பீக்கரையும் மாட்டி முதன்முதலாகச் சோதித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. அப்பாடா என்று இருந்தது. ஸ்பீக்கரில் லேசான உறுமல் மட்டும் கேட்டது. அது வழக்கமானதுதான். ஆனால் மங்கிய பல்பு மறுபடி கொஞ்சம் பிரகாசமானது. ஸ்பீக்கர் கம்பியில் மீட்டரை வைத்தேன். கித்தாரே மாட்டாதபோது அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. முள் எகிறிப் போய் நின்றது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

காதுகளைப் பொத்திக்கொண்டு மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க பண்றீங்க? ஆஃப் பண்ணுங்க மொதல்ல!"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? அந்தச் சத்தம் காதைக் கிழிக்குது!"

"லேசா உறுமுதே, அதையா சொல்ற?"

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டு மலாய் அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, என்ன சத்தம் அது, பூனை மிரண்டு ஓடிவிட்டதே என்று மலாயில் கேட்டார். நான் ஸ்விட்சை அணைத்தேன். மனைவி கையை இறக்கினாள்.

"இன்னொரு தடவை போடுறேன். நீ கவனி" என்றேன்.

போட்டேன். வால்வுகள் சூடேறியதும் அவள் முகத்தைச் சுளித்தாள். "வருது. கீச்சுன்னு, ஊசியால குத்துற மாதிரி." நான் குனிந்து ஸ்பீக்கரிலேயே காதை வைத்தேன். உறுமல். அதைத் தவிர எதுவும் இல்லை.

"நெசமாவே கேக்கலயா?" என்றாள். அவள் குரலில் இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

காது டாக்டரிடம் போனோம். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் சில சத்தங்கள் கேட்டன. பிறகு எதுவும் வரவில்லை. மெஷினில் கோளாறோ என்று காத்திருந்தபோது கதவைத் திறந்து, "முடிஞ்சிருச்சு அங்கிள், வாங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. "கீழ் சத்தமெல்லாம் ஓகே அங்கிள். கீச்சுன்னு வர்ற மேல் சத்தந்தான் ரெண்டு காதிலயும் ரொம்பப் போயிருக்கு. ஃபேக்டரியில காதுக்கு அடைப்பு போடலயா?"

"போடுவேன் டாக்டர். ஆனா மெஷின் எங்க பிசகுதுன்னு காதாலதான் கண்டுபிடிக்கணும். அப்ப கழட்டித்தான் ஆகணும்."

அவர் தலையாட்டினார். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். காது மெஷின் வைத்தால் பேச்சு விளங்கும், பாட்டு முன்னைப்போல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னார்.

காரில் வரும்போது மனைவி எதுவும் பேசவில்லை. ஒருவேளை பேசி, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வீட்டை நெருங்கும்போது, "பின்னால இருந்த செம்பனைத் தோட்டத்தை வெட்டுன பிறகு பூச்சிச் சத்தமே இல்லாமப் போச்சில்ல?" என்றேன்.

"எங்க போச்சு? பொழுது சாய்ஞ்சா இப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

பிறகு பல வாரங்கள் அந்த மேசைப் பக்கமே நான் போகவில்லை. ஆம்பின் மேல் துணிகள் குவிந்தன. ஒருநாள் மனைவிதான் அவற்றை எடுத்து மடித்துவிட்டு, "பாதியில கெடக்குது. முடிங்க. கேக்குறதுக்கு நான் இருக்கேன்" என்றாள்.

கோளாறு என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வால்வுகளுக்குப் போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டால், அடங்க வேண்டிய ஒலி தன்னைத்தானே ஊதிப் பெருக்கிக்கொண்டு கீச்சிடும். அவற்றை மாற்றி வைத்தேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். வால்வுகள் சிவந்தன. பல்பு மங்கி, மங்கியபடியே நின்றது. மீட்டர் முள்ளும் அசையவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

கித்தாரை மாட்டி வாசித்தேன். தடித்த கம்பிகள் நெஞ்சில் அதிர்ந்தன. மெல்லிய கம்பிகளுக்கு வந்தபோது மந்தமான 'டங்' மட்டும்தான் வந்தது; அதற்குப் பின் வர வேண்டிய மணியோசை வரவில்லை. மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போனேன். முடிவுவரை திருகிய பிறகு அந்த ஓசையில் ஏதோ ஒரு துளி கேட்டது. நிமிர்ந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க முயன்றாள்.

"ரொம்பக் கூசுதா?"

"கொஞ்சம்."

அவள் முகம் தளரும்வரை குமிழைக் குறைத்தேன். அந்த ஒரு துளியும் போய்விட்டது. "இப்ப அழகா இருக்குங்க" என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தொடர்ந்து வாசித்தேன்.